தங்கையின் வழக்கு: நாட்குறிப்பு

ஜூன் 9, 2025

தங்கை சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் வராது. மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நாளும் பெரியவர்கள் பேசினார்கள், மாமா போய்ப் பேசினார், மறுபடியும் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசினார்கள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. நேற்று ராத்திரி அவளே கேட்டாள்: "அக்கா, ஒரு வக்கீலப் பார்த்துக் கேட்டு வெச்சுக்கலாமா? டைவர்ஸ் பண்ணணும்னு இல்ல. என்னென்ன வழி இருக்குன்னு தெரியணும்."

அம்மாவுக்கு வேறு பயம். "நாமளா போய் முதல்ல கேஸ் போட்டா தப்பு நம்ம மேலன்னு ஆயிடாதா?" அம்மா இன்னும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறாள்.

குடும்ப வழக்குகளை மட்டுமே எடுத்து நடத்தும் ஒரு பெண் வக்கீலை விசாரித்துப் பிடித்திருக்கிறோம். எங்கள் மாவட்டக் கோர்ட்டில் தினமும் நிற்பவர். சென்னையில் பெரிய பெயருள்ள ஒருவரைப் பார்க்கலாமே என்றார் சித்தப்பா. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தானே வந்து நிற்பவர், அந்தக் கோர்ட்டின் நடைமுறையும் அங்குள்ள சமரச மையமும் பழகியவர், அப்படிப்பட்டவர்தான் இதற்குத் தேவை.

ஜூன் 11

மேடம் சண்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கல்யாணம் எந்த முறையில் நடந்தது, பதிவு செய்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இந்து முறைத் திருமணம் என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 1954 சட்டம். முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம் இருக்கிறது. எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்துக் காரணங்களும் காத்திருக்க வேண்டிய காலமும் மாறுமாம். தெரிந்தவர் வீட்டில் நடந்ததை வைத்து நம் வழக்கைக் கணக்குப் போடாதீர்கள் என்றார்.

தங்கை பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மேடம் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "கோபத்த அப்புறம் சொல்லும்மா. முதல்ல தேதிய எழுது." கல்யாணத் தேதி, குழந்தை பிறந்த தேதி, கடைசியாகச் சேர்ந்து இருந்த தேதி, அவர் கடைசியாகப் பணம் அனுப்பிய தேதி. வீட்டை விட்டு வந்த நாள் அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. அதற்கு மறுநாள்தான் பாப்பாவுக்கு எல்கேஜி சேர்க்கை. எழுதி முடித்ததும் தாளின் இடது ஓரம் முழுக்கத் தேதிகள். இத்தனை வருட வேதனையும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டதே என்று எனக்கு மனசு கனத்தது. மேடமோ அதை வைத்துத்தான் பேசவே தொடங்கினார்.

அம்மாவின் கேள்வியை நான் கேட்டேன். யார் முதலில் மனுப் போட்டார் என்பதை வைத்துத் தப்பு யார் மீது என்று கோர்ட் முடிவு செய்யாது, ஆதாரத்தைத்தான் பார்க்கும் என்றார். தங்கை தன் கணவரின் ஊருக்குப் போய் வழக்குப் போட வேண்டியதும் இல்லை. 2003-இல் வந்த திருத்தத்தின்படி, மனைவி தான் இப்போது குடியிருக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

ஜூன் 12

நேற்று எடுத்த குறிப்புகளை இன்று தங்கையோடு உட்கார்ந்து திரும்பப் படித்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே புதிய செய்தி, விவாகரத்துக் கேட்காமலே செய்யக்கூடியவை இத்தனை இருக்கின்றன என்பதுதான்.

தனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம். முன்பு 125-ஆவது பிரிவு என்று எல்லோரும் சொல்வார்களே, அது 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அந்த மனுவை, நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்துவது, செலவுக்குக் காசு தராமல் வைப்பது இவையெல்லாம் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும். அதில் பாதுகாப்பும் கேட்கலாம், கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். தாலி இருக்க, தனித்தனியே வாழ அனுமதி கேட்கும் நீதிமுறைப் பிரிவு என்று ஒன்றும் உண்டு. பெரும்பாலானோர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

விவாகரத்து என்றால் இரண்டு பாதை. இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. ஒரு வருடமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து இருவரும் உறுதி சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கொடுமை, இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது போன்ற காரணத்தைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். "ஒத்துவரல, மனசு விட்டுப்போச்சு" என்பது மட்டும் சட்டத்தில் காரணம் இல்லை. திருமணம் சீர்ப்படுத்த முடியாத அளவுக்கு முறிந்துவிட்டது என்று அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவில் கலைத்துவைக்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் அதிகாரம் உண்டு என்பதை 2023-இல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. கீழ்க் கோர்ட்டில் அந்த வாதம் எடுபடாது.

"சேர்ந்து வாழணும்னு கேஸ் போட்டுடுவேன்" என்று அவர் தரப்பிலிருந்து ஒருமுறை சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் போயிற்று. போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் விட்டுவிடும் என்றே நினைத்திருக்கிறாள். அப்படி எதுவும் நடக்காது. சேர்ந்து வாழச் சொல்லும் அதே சட்டத்தின் ஒன்பதாவது பிரிவில் தீர்ப்பே வந்தாலும் ஆளைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க வழியில்லை. போகாததற்குத் தக்க காரணம் இருந்தால், அந்தத் தீர்ப்பு ஒன்றை வைத்து ஜீவனாம்சத்தை மறுத்துவிடவும் முடியாது என்று இந்த ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு தகவலுக்காகவே அவளை ஒரு வருடம் முன்னால் யாராவது வக்கீலிடம் அழைத்துப் போயிருக்கலாம்.

ஜூன் 16

நகைப் பட்டியல் எழுதும் வேலை. எது அம்மா வீட்டில் போட்டது, எது மாமியார் வீட்டில் கொடுத்தது, யார் லாக்கரில் இருக்கிறது, பில் உண்டா. கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் கழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்தோம். பெண்ணுக்கென்று கொடுத்தது யார் கையில் இருந்தாலும் பெண்ணுடைய சொத்துதான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கொடுத்ததைக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

வீட்டு விஷயம்தான் தங்கைக்குப் பெரிய ஏமாற்றம். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்தில் பாதி தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தாள். நம் சட்டத்தில் அப்படி இல்லை. பத்திரம் யார் பெயரில் என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்கும். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பாலும்தான் சொத்து சேர்ந்தது என்று ஏற்று ஒரு வழக்கில் பங்கு கொடுத்தது. மேடம் அதைச் சொல்லிவிட்டு, அது ஒரு வழக்கின் தீர்ப்பு, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டுக் கடன் தவணைக்கு இவள் சம்பளத்திலிருந்து போன பணத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கை வாங்கிவிட்டோம். தனி வழக்காக ஆனாலும் சரி, சமரசப் பேச்சானாலும் சரி, அந்தத் தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

ஜூன் 19

ஃபீஸ் பற்றிக் கேட்க எங்களுக்குத் தயக்கம். மேடமே எடுத்துப் பேசினார். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, செலவுகள் தனியா சேர்த்தா என்று எழுதியே கொடுத்தார். எழுதித் தராதவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன் நான்.

ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசியில் கேட்க 15100.

ஜூன் 24

"ஒருநாள் சும்மா வந்து உட்கார்ந்து பாருங்க, பயம் போயிடும்" என்று மேடம் சொன்னதால் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனோம். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்திவிடுவார்கள், அதனால் தாழ்வாரத்தில்தான் இருந்தோம். டவாலி பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் எழுந்து உள்ளே போனார்கள். எங்களுக்கு எதிரில் ஒருவர் மடியில் புது ஸ்கூல் பையோடு உட்கார்ந்திருந்தார், விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. குழந்தையைப் பார்க்க அனுமதித்த நாள் போலிருக்கிறது. ஒரு சிறுவன் அம்மா கையை விட்டுவிட்டு அவரிடம் ஓடினான். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பையனுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார். தங்கை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பாப்பாவைப் பற்றிக் கேட்டாள். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்று 1956 இந்து சிறார் பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. பாப்பாவுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அதற்காக அப்பாவிடம் போய்விடும் என்று அர்த்தமில்லை. குழந்தையின் நலன் எதில் இருக்கிறதோ அதுதான் அளவுகோல். பள்ளி, பழகிய வீடு, யார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார் எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார், குழந்தையிடமே பேசியும் பார்ப்பார்.

ஜூலை 2

தங்கையின் கணவருக்கு மேடம் அனுப்பிய கடிதத்துக்கு, கணவருடைய வக்கீலிடமிருந்து பதில் வந்துவிட்டது. பரஸ்பர சம்மதத்துக்கு அவர் தயார். தங்கை இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இன்று காலை வந்து, "சரிக்கா, போட்டுடலாம்" என்றாள். அம்மா அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 8

ஒப்பந்த வரைவு. அவசரப்பட்டு யாரும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாத தாள் இது. மொத்தத் தொகையில் ஒரு பாதி முதல் மனுவின்போது, மறுபாதி இரண்டாவது உறுதிமொழியின்போது என்று எழுதியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்ற வரியில் அவர்கள் தரப்பு குழந்தையையும் சேர்த்து எழுதியிருந்தது. மேடம் அதை அடித்துவிட்டார். தனக்கு வேண்டாம் என்று அம்மா விட்டுக்கொடுக்கலாம், குழந்தைக்கு உரிய ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு உரிமை இல்லை. பள்ளிக் கட்டணம் வருடா வருடம் ஏறும் என்பதால் குழந்தைச் செலவுத் தொகையும் வருடந்தோறும் கூடும்படி மாற்றியாயிற்று. பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து, லீவில் யாரிடம் எத்தனை நாள் என்பதும் வந்துவிட்டது.

தங்கை தானாகக் கேட்டுச் சேர்த்த வரி ஒன்று இருக்கிறது. அப்பா போனில் பாப்பாவிடம் பேசும்போது தான் பக்கத்தில் நிற்கப்போவதில்லை, அவர்கள் தனியாகப் பேசலாம். மேடம் அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் மனு தாக்கல். அதன்பின் ஒரு வாரம் கழித்து, ஆறு மாதக் காத்திருப்பிலிருந்து விலக்குக் கேட்டு இன்னொரு மனு. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்துவிட்டது: மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரசம் பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடித்திருக்க வேண்டும். கொடுப்பது நீதிபதியின் முடிவு. நாளை கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று, ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கப் போகிறோம்.