தோல் ஷாப்பு பேரேடும் அரைப் பக்க வரலாறும்

மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், 19 வருடம் கணக்கு எழுதினேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "விழா மலருக்கு நவாப் அப்துல் ஹக்கீம் சாகிப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்றார்.

ஊரில் 1965-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயர்தான். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் சித்திக் சராய் என்ற பயணிகள் விடுதி அவர் கட்டியது. வட ஆற்காட்டுத் தோல் வியாபாரி. 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனவர். சரி, அரைப் பக்கத்துக்கு இது போதும். ஆனால் தோல் வியாபாரிக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பரணில் கிடந்த பழைய பேரேட்டை இறக்கிப் பார்த்தேன். செல்லரித்த ஓரம், புரட்டினால் இன்னும் ஆவாரம்பட்டை வாடை. அந்தக் காலத்துத் தொழிலே கடனில்தான் ஓடியது. சந்தையில் பச்சைத் தோல் பிடிப்பவருக்கு முன்பணம். உப்புப் போட்டு, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, சென்னையில் தோல் வியாபாரம் நடக்கும் பெரியமேட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலில் லண்டன் போய் விற்று, பணம் திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை எல்லாம் வாய்வார்த்தை. பேரேட்டில் பாதிப் பெயருக்கு எதிரே பத்திரமும் இல்லை, கைநாட்டும் இல்லை. ஆளின் நாணயம்தான் அடமானம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படி ஊர் ஊராகப் பெயரை நம்பவைத்த ஒருவருக்குத் தேர்தல் புதுத் தொழிலாக இருந்திருக்காது. இது என் கணக்குப்பிள்ளை புத்தி. சரித்திரக்காரர்கள் வேறு சொல்லலாம்.

உற்சாகத்தில் 'ஏழை எளியோர் வாக்களித்து அனுப்பினார்கள்' என்று எழுதிவிட்டேன். முதலாளியின் அத்தா, எண்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏழைக்கு ஓட்டு ஏது தம்பி அப்ப? சொத்து, வரி, படிப்பு, ஏதாவது ஒண்ணு இருக்கணும். முஸ்லிம் தொகுதின்னு தனியா வேற இருந்துச்சு. தோல் உரிச்சவனுக்கு ஓட்டு இல்ல, வாங்கினவனுக்கு இருந்துச்சு."

அவர் சொன்னதை அப்படியே எழுதிச் சேர்த்தேன்.

மலர் வந்தது. படம் முக்கால் பக்கம், என் எழுத்து ஆறு வரி. பெரியவர் சொன்ன வரி அதில் இல்லை. அச்சகத்தில் கேட்டேன்.

"இடம் பத்தல சார்."