இரண்டு முதல் பரிசுகளுக்குப் பிறந்த 27 சுமார் குஞ்சுகள்

முதல் பரிசு வாங்கிய சேவல் ஒன்று, முதல் பரிசு வாங்கிய வெடைக்கோழி ஒன்று. இரண்டையும் ஒரே கொட்டகையில் விட்டால் முதல் பரிசுக் குஞ்சுகளாகப் பொரிந்து தள்ளும். கண்காட்சிக் கோழி வளர்க்க இறங்கியபோது எனக்குத் தெரிந்த மரபியல் இவ்வளவுதான்.

நான் எடுத்தது பிளிமத் ராக், அதிலும் வரி போட்ட வகை. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1874இல் இனங்களுக்கான தர விதிகளை முதன்முதலில் அச்சிட்டபோதே அதில் இடம்பிடித்த பழைய இனம். ஒற்றைக் கொண்டை, அதில் 5 பற்கள், மஞ்சள் கால், சிவப்புக் காது மடல். உடம்பு முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாகக் குறுக்கு வரிகள். வரி மேலே தெரிந்தால் மட்டும் போதாது, இறகை விலக்கிப் பார்த்தால் தோல் வரைக்கும் ஓட வேண்டும். ஒவ்வொரு இறகின் நுனியும் கருப்பில் முடிய வேண்டும்.

21ஆம் நாள் 27 குஞ்சுகள் பொரிந்தன. மூன்று வாரத்தில் இறக்கை கட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இவை ஒன்றரை மாதம் ஆகியும் முதுகில் தோல் தெரிய, உரித்த மாதிரி திரிந்தன. தீவனத்தில் ஏதோ குறை என்று வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்த்தேன். பல வருடமாக இதே வகையை வளர்க்கும் ஒரு பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மெதுவா முளைச்சாத்தான் தம்பி வரி கூர்மையா விழும். சீக்கிரம் முளைக்கிற இறகுல வரி கலங்கிப் போயிடும்.” அது குறை இல்லையாம், இந்த இனத்தில் தேடி வைத்திருக்கும் குணமாம். மருந்துக் குப்பியை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்துத்தான் உண்மையான அடி விழுந்தது. சேவல்கள் எல்லாம் அப்பனைவிட வெளுப்பு. பெட்டைகள் எல்லாம் அம்மாவைவிடக் கருப்பு. பரிசுக்கு வேண்டிய நிறத்தில் ஒன்றுகூட இல்லை. பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்தச் சேவலோட அம்மாவைப் பார்த்தியா? அந்தக் கோழியோட அப்பனைப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தெரியாது.

விஷயம் இதுதான். கோழிகளில் ஆணுக்கு இரண்டு Z குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். வரி போடும் மரபணு அந்த Zஇல் உட்கார்ந்திருக்கிறது. சேவலுக்கு அது இரட்டிப்பாகக் கிடைப்பதால் வெள்ளை வரி அகலமாகி, இயல்பிலேயே பெட்டையைவிட வெளுப்பாக இருக்கும். கண்காட்சி விதியோ இரண்டும் ஒரே நிறமாக இருக்கச் சொல்கிறது. இயற்கை ஒரு பக்கம், விதி இன்னொரு பக்கம். அதனால் வளர்ப்பவர்கள் இரண்டு தனித்தனி வழிகளை வைத்திருக்கிறார்கள். பரிசுச் சேவல் வேண்டுமா, சரியான நிறச் சேவலோடு கரிய பெட்டைகளைச் சேர்க்க வேண்டும். பரிசுப் பெட்டை வேண்டுமா, சரியான நிறப் பெட்டையோடு வெளுத்த சேவலைச் சேர்க்க வேண்டும். இரண்டு வழிகளின் உச்சத்தையும் கொண்டுவந்து ஒன்றாகக் கட்டிய புண்ணியவான் நான்தான்.

இரண்டு வழியும் வைத்துக்கொள்ள இடம் இல்லை. சேவல் வழியை மட்டும் எடுத்தேன். பெரியவரிடமே 2 கரிய பெட்டைகள் கிடைத்தன. எந்தக் கண்காட்சியிலும் யாரும் திரும்பிப் பார்க்காத கோழிகள். வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் “இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?” என்றுதான் கேட்டார்கள்.

இதற்கிடையில், பழகிக்கொள்ளலாம் என்று அந்த முதல் ஈட்டில் சுமாரான ஒரு சேவலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். நடுவர் கூண்டைத் திறந்து, அதன் நெஞ்செலும்பு உள்ளங்கையில் படும்படி ஏந்தி, தலை முதலில் வர வெளியே எடுத்தார். கொண்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், இறக்கையை விசிறி மாதிரி விரித்து இறகுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். ஆசனவாயைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். கடைசியாகக் கால் விரல்களைப் பிரித்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே அரிசி முனை அளவு பஞ்சு மாதிரி ஒரு குட்டி இறகு. காலில் இறகே இருக்கக் கூடாத இனத்தில் இந்தப் பஞ்சு இருந்தால் நேராகத் தகுதி நீக்கம். நிறம், உருவம் எதையும் அப்புறம் பேச வேண்டியதில்லை. தினமும் கையில் தூக்கிய பறவை, நான் ஒருநாளும் விரலைப் பிரித்துப் பார்த்ததில்லை. அதைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு, ஆனால் பிடுங்கிய குழி தெரிந்தால் அதுவும் தகுதி நீக்கம்தான்.

அடுத்த ஈட்டில் கணக்கு வைத்தேன். எந்தப் பெட்டை இட்ட முட்டை என்று பென்சிலில் எழுதி, பொரித்த அன்றே விரலிடைத் தோலில் சின்னத் துளை போட்டேன். இரண்டு காலிலும் சேர்த்து 4 இடைகள், துளை போட்டும் போடாமலும் 16 அடையாளம் கிடைக்கும். வளர்ந்ததும் எண் போட்ட கால் வளையம். 40 குஞ்சுகளில் கோணல் விரல், கொண்டையின் பக்கவாட்டில் முளைத்த பல், காலில் பஞ்சு என்று எட்டாவது வாரத்திலேயே 15 கழிந்தன. நிறத்தைப் பார்த்து அவசரப்படக் கூடாது என்பது பெரியவரின் பாடம். உருவம் இனத்தைச் சொல்லும், நிறம் வகையைச் சொல்லும் என்பார். முதுகு குட்டையானதையும் நெஞ்சு ஒடுங்கியதையும் முதலில் தள்ளு, அப்புறம் வரியை எண்ணு. ஆறு மாதத்தில் கையில் நின்றவை 4.

அவற்றை வெயிலில் விடவில்லை, விட்டால் வெள்ளை வரியில் பித்தளை நிறம் ஏறும். வால் இறகு ஒன்று உடைந்திருந்தது. கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே அதைப் பிடுங்கினேன், புதிது முளைத்துவிட்டது. குச்சியால் தொட்டுத் தொட்டு நேராக நிற்கப் பழக்கினேன். கண்காட்சிக்கு மூன்று நாள் முன் மிதமான சோப்பில் குளியல், இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசல், கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர். முதல் முக்கலில் கத்தித் தீர்த்த சேவல், இரண்டாவது தொட்டியில் கண்ணை மூடித் தூங்கியே விட்டது.

இந்த முறையும் அதே சடங்கு. விரல்களை நடுவர் பிரித்தபோது நான் மூச்சு விடவில்லை. பிறகு முதுகு இறகை விலக்கித் தோல் வரை பார்த்தார், தலையாட்டினார். மூன்றாம் இடம். அட்டையில் இரண்டே வரி: “வரி மிக நன்று. எடை போதாது.”

ஒரு வயதுக்கு உட்பட்ட சேவலுக்கு விதி சொல்வது 8 பவுண்டு, ஏறக்குறைய 3.6 கிலோ. வந்ததும் தராசில் வைத்தேன். 3 கிலோ 100 கிராம். குறிப்பேட்டைப் புரட்டி, அது எந்தப் பெட்டையின் குஞ்சு என்று பார்த்தேன். 2 கரிய கோழிகளில் சின்னது. பெரியதன் வரி கொஞ்சம் கலங்கல்தான், ஆனாலும் அடுத்த ஈட்டுக்கு அதன் முட்டைகளைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.