அக்கா செய்த கணக்குகள்

"ஐயா, வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடம் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ" என்று கல்லூரிச் சிறப்பு மலர்க் குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டார். கல்லூரி நாட்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அதற்கு முந்தியதையே எழுதுகிறேன்.

பிறந்தது 1934இல், யாழ்ப்பாணத்தில். விசயதசமியன்று தட்டில் பரப்பிய பச்சையரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார்கள். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஓலைக் கூரை, சாணம் மெழுகிய நிலம். சிலேட்டை அழிக்க வேலியில் படர்ந்த கொவ்வை இலை. எச்சில் தொட்டு அழித்தால் சட்டம்பியாரின் பிரம்பு பேசும். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு நான் பிறக்குமுன்பே வந்திருந்தது. ஆனாலும் எங்கள் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் நிலத்தில்தான் இருந்தார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அதுதான் வெட்கம்.

விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். அண்ணா துலா மிதிப்பார், ஐயா பட்டை பிடித்து இறைப்பார், நான் புகையிலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவேன். அந்நேரம் அக்கா முற்றம் கூட்டி, சாணம் தெளித்து, அடுப்பும் மூட்டியிருப்பார். யுத்தம் வந்து 1942இல் அரிசிக்குக் கூப்பன் போட்டபின் ஒடியல் பிட்டும் குரக்கனும்தான். இரவில் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஒரு குப்பி விளக்கு, இரண்டு தலைகள்.

வகுப்பில் எப்போதும் அக்காதான் முதல் பிள்ளை. 1944இல் வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டார், பள்ளிக்கூடம் நின்றது. பெண்கள் படிக்க வழியில்லாத ஊர் அல்ல எங்களுடையது. உடுவிலில் 1824இலிருந்தே மிஷன் பள்ளிக்கூடம், மருதனார்மடத்தில் 1913இல் எழுந்த இராமநாதன் கல்லூரி, இரண்டும் நடக்கிற தூரம். ஆனால் படிப்புக்கு மாதச் சம்பளம் யார் கட்டுவது? "பெட்டைக்கு இவ்வளவும் காணும்" என்றார் ஐயா. சரி, அதோடு பேச்சு முடிந்தது.

1945 ஒக்டோபர் 1இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சம்பளமில்லாமல் ஆங்கிலம் படிக்க எனக்கு வழி திறந்தது. அக்கா அப்போது பின்வளவில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கணக்கை நான் உரத்து வாசிப்பேன். ஒருநாள்: "சீனி ஓர் அந்தர் 18 ரூபா. 28 இறாத்தல் என்ன விலை?" ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நாலரை ரூபா" என்றார்.

"எப்படியக்கா?"

"அந்தர் 112 இறாத்தல். 28 கால் அந்தரடா, மொக்கா."

விடையை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். ஓர் இறாத்தல் என்ன விலை என்று பிரித்து, 28ஆல் பெருக்கி, வழி காட்டவில்லையாம். உள்ளங்கையில் இரண்டு அடி. மாலையில் கையைக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கணக்கிலிருந்து வழியை வரிவரியாகச் சொல்லித் தந்தார். வளவு மண்ணில் ஈர்க்கால் கீறிக் காட்டுவார், நான் பார்த்து எழுதுவேன். பிறகு எழுத்துகளை வைத்துப் போடும் அட்சர கணிதமும் அப்படியே என் புத்தகத்தை வாசித்துத் தானே பிடித்துக்கொண்டார்.

கொப்பி திருத்தி வரும் நாளில் படலையடியிலேயே நிற்பார். சிவப்பு மைப் புள்ளியைப் பார்க்குமுன் ஓலைத்தூசு படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொள்வார்.

"இந்தமுறை எனக்கு எத்தனையடா?"