கொஞ்சம் இறக்கும்மா
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் பாட்டு வகுப்புக்கு எல்ஆர்டி ரயிலில் போகும்போதெல்லாம் காதில் இயர்போன், கைப்பேசியில் காதுப் பயிற்சிச் செயலி. இரண்டு சுரம் ஒலிக்கும், இடைவெளியைச் சொல்ல வேண்டும். ச–ப சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ‘க’ சுரத்தில் தாழ்ந்த சாதாரண காந்தாரமா, அதைவிடச் சற்று உயர்ந்த அந்தர காந்தாரமா என்று தடுமாறாமல் சொல்லத்தான் மூன்று வாரம் ஆனது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது!

அப்புறம் வகுப்பில் அந்தர காந்தாரம் வரும் சங்கராபரணம் ராகம் பாடினேன். “காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கும்மா” என்றார் டீச்சர். செயலி கற்றுக்கொடுத்தது பியானோ சுருதி. சுர இடைவெளியை அளப்பது சென்ட்டில். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள ஓர் அரைச்சுரம் 100 சென்ட் என்றால், அதில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து (ச) 400 சென்ட். தம்புராவில் தானாக எழும் காந்தாரமோ ஷட்ஜத்தோடு 5:4 அதிர்வெண் விகிதம், சுமார் 386 சென்ட்.

அந்த 14 சென்ட் நேற்றுதான் எனக்கே கேட்டது. செயலியை விடவில்லை. வீடு வந்ததும் தம்புராவைப் போட்டு அதே காந்தாரத்தை மறுபடி பாடிப் பார்க்கிறேன்.