உறவுமுறை: தெரிந்தவர்

நர்ஸாக வார்டில் நான் நிரப்பும் சேர்க்கைப் படிவத்தில் வரிசையாக வருபவை: நோயாளியோடு வருகிறவரின் பெயர், செல் நம்பர், உறவுமுறை. இந்த மூன்றாவது கட்டம்தான் என்னைப் படுத்துகிறது. அப்பா, மனைவி, மகன் என்றால் பேனா பாட்டுக்கு ஓடும். பக்கத்து வீடு என்றால் நின்றுவிடும். அப்படி நின்றால் நாங்கள் வழக்கமாக எழுதுவது ‘தெரிந்தவர்’.

அன்று ராத்திரியும் அதைத்தான் எழுதினேன். வடசென்னை எருக்கஞ்சேரி ஹைரோட்டில் டூவீலர் இடித்த கேஸ். காலுக்கு மாவுக்கட்டு போட்டு எலும்பு வார்டுக்கு ஏற்றியிருந்தார்கள். வார்டு முழுக்க அவன் ‘இந்திக்காரப் பையன்’. அவன் முனகியது ஒடியாவில். கூட வந்த அம்மா நைட்டி மேல் துண்டு போட்டிருந்தார். கையில் அவனுடைய ஒற்றைச் செருப்பு.

“பையனுக்கு நீங்க என்ன வேணும்மா?”

“எங்க புள்ளம்மா. எங்க வூட்டாண்டதான் கீறான்.”

“சொந்தமா?”

“சொந்தம்னே எழுதிக்கோ.”

“பேரு?”

“ராஜு.”

சட்டைப்பையில் இருந்த ஆதார் நகலில் ராஜுவுக்குக் கிட்டத்தில்கூட வராத ஒரு பெயர். பிள்ளை என்கிறார், பெயர் தெரியவில்லை. ‘தெரிந்தவர்’ என்று போட்டதே அதிகம் என்றுதான் அப்போது பட்டது. என்ன எழுதினேன் என்று எட்டிப் பார்த்துக் கேட்டார், சொன்னேன். “எங்க மாமியாரு ரங்கூன்லேர்ந்து வந்தப்போ யாரு யாருக்கு இன்னா வேணும்னு கேட்டா வியாசர்பாடில குந்தவெச்சாங்க?” என்றார். கேட்டிருப்பார்கள். 1960களில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கக் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். ஊர் வாயில் பர்மாக்காரங்க, பர்மா அகதிங்க. காகிதம் இல்லாமல் யாருக்கும் மனை கிடைத்திருக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. கியூவில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

அந்தக் கட்டம் வேண்டாத கட்டம் என்று சொல்ல மாட்டேன். பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், ‘நான் அத்தை’ என்று வந்து நிற்கிறவர் கையில் குழந்தையைக் கொடுக்க எவ்வளவு யோசிப்பார்கள் என்று. அதே சமயம், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் எந்த ஊர், எந்த நாடு என்றே பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வைத்தியம் பார்க்க உறவு வேண்டாம், வெளியே அனுப்ப மட்டும் உறவு வேண்டும்.

அந்த அம்மா தினமும் சாயங்காலம் உருளைக்கிழங்கு மசித்த சோறு கொண்டுவந்தார். “ரசம் ஊத்திப்புடாதே, தொட மாட்டான்” என்று ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் ஒரு மத்தியானம், அவர் இல்லாத நேரத்தில், ஒரு மேஸ்திரி வந்தார். ஆதாரில் இருந்த பெயரைச் சரியாகச் சொன்னார். அப்பா பெயர், கிராமம், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் சொன்னார். பையன் அவரிடம் மளமளவென்று பேசினான்; வந்ததிலிருந்து அவன் அத்தனை பேசி நாங்கள் பார்த்ததில்லை. ஊருக்குக் கூட்டிப் போகிறேன், சித்தப்பா என்றார். எழுதினேன். இப்போது போகக் கூடாது என்று டியூட்டி டாக்டர் எடுத்துச் சொன்னார். பையன் தலையாட்டிவிட்டு, டாக்டர் பேச்சை மீறிப் போகிறேன் என்கிற ஏஎம்ஏ படிவத்தில் கையெழுத்துப் போட்டான், மேஸ்திரி சாட்சி. இதில் நான் குறுக்கே நிற்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் அந்த அம்மா தூக்கோடு வந்தார். “யாராண்ட குடுத்தே?”

“அவங்க சித்தப்பா வந்து கூட்டிட்டுப் போனாங்கம்மா.”

“அவனுக்கு ஏது சித்தப்பா? அவன் ஆள் புடிக்கிறவன்.”

இருக்கலாம். ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தெருவில் அப்பா வயதை ஒட்டிய ஆண்கள் எல்லாருமே எனக்குச் சித்தப்பா, பெரியப்பாதான். ஒடிசா கிராமத்திலும் அப்படி இருந்தால் அவர் சொன்னது பொய்யில்லை. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், அந்தக் கணக்கில் ‘எங்க புள்ள’யும் பொய்யில்லையே என்று அடுத்த நொடியே தோன்றிவிடுகிறது. இருவரும் வாயால்தான் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மட்டும் எழுதினேன்.

ஊரில் கல்யாணப் பேச்சில் “சொந்தத்துலயா, அசல்லயா?” என்பார்கள். அயல்தான் பேச்சில் அசலாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரும் அயலார், முகம் தெரியாதவரும் அயலார். பழைய தமிழிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. புறநானூற்று 192-ஆம் பாட்டோ யாவரும் கேளிர், எல்லாரும் உறவு என்கிறது. அதை எழுதினால் ரெக்கார்டு செக்‌ஷனில் திருப்பி அனுப்புவார்கள்.

பையன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாது. அவன் அம்மாவிடம் போயிருந்தால் நல்லதுதான்.

போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரைப் பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு வந்தான். மகன் பெங்களூரில், போன் எடுக்கவில்லை. “தாத்தாவுக்கு நீ என்னப்பா வேணும்?” “பேரன்னு போட்டுக்கங்க சிஸ்டர்.” பேரன் என்றே போட்டேன். மகன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்து வைக்கவில்லை.