லூர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா?

வஞ்சிரத்துக்கு, முன்னால் உதடு போன்ற தகடு வைத்த லூரைப் (மீன் போன்ற செயற்கை இரை) படகின் பின்னால் இழுக்கிறீர்கள் என்றால், முதலில் படகோரமாகப் பத்தடி விட்டு 5, 6 நாட் (மணிக்கு சுமார் 9–11 கி.மீ.) வேகத்தில் ஓட்டம் பாருங்கள். நேராக, நடுங்கிக்கொண்டே வர வேண்டும். உங்களுக்கு இடப்பக்கம் ஒதுங்கினால், மூக்கு உங்களைப் பார்க்கப் பிடித்து, மூக்கிலுள்ள கம்பி வளையத்தைக் குறடால் வலப்பக்கம் மயிரிழை அளவு வளையுங்கள். முறுக்கக் கூடாது. மறுபடி இறக்கிப் பாருங்கள். ஒரேயடியாக வளைத்தால் வளையம் தளர்ந்துவிடும். அருமையான லூர் வீணாகும். அப்படியும் சாய்ந்தால் தூண்டில் முள்ளைப் பாருங்கள், பாசி சுற்றியிருக்கலாம்.

வஞ்சிரப் பல் நைலானை அறுத்துவிடும், ஓரடி ஒற்றை இழை எஃகுக் கம்பியாவது வேண்டும். கம்பியை லூரின் வளையத்தில் கோத்து மடக்கி, மடிந்த இரு பக்கமும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ள 4 முறுக்கு, பிறகு நுனியை மற்றதன் மேல் நெருக்கமாக 5 சுற்று. மிச்ச நுனியை வெட்டாதீர்கள், முன்பின் ஆட்டி ஒடியுங்கள். வெட்டிய நுனி கையைக் கிழிக்கும். லூரைக் கோத்த கம்பிக் கண்ணி அகலமாக இருக்கட்டும், இறுகினால் லூர் ஆடாது.