வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி

கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். ஆனாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பேன். 30 வருஷத் தையல்காரப் பழக்கம். போன தை மாதம் ஒரு கல்யாணச் சட்டைக்குப் பட்டன் கட்டி, நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தால் காலருக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி. ஊசி குத்திவிட்டதோ என்று பத்து விரலையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. நூல் நுனிதான் சிவந்திருந்தது.

துணியில் ரத்தம் பட்டால் எச்சில் தொட்டுத் தேய்ப்பது எங்கள் தொழிலில் பழைய வைத்தியம். அன்றைக்கு எச்சிலே ரத்தம்.

வலி இல்லாததால் அதற்குப் பிறகும் பத்து நாள் ஓட்டினேன். ‘வாய் நாறுது, போய்ப் பாருங்க’ என்று வீட்டில் சொன்ன பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா என் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே, “சுகர் இருக்கா? மூணு மாச சராசரி எவ்வளவு?” என்று கேட்டார். ஹெச்பிஏ1சி என்கிற அந்த டெஸ்டில் 8.6 சதவீதம். சுகர் வந்து 11 வருஷம். இத்தனை நாளும் காலைப் பார்த்தார்கள், கண்ணுக்கு அனுப்பினார்கள், சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எடுத்தார்கள். வாயைத் திற என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கினார். “மூணு, ரெண்டு, அஞ்சு, ஆறு...” அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் பெண் எழுதிக்கொண்டாள். மார்பு, இடுப்பு, கை என்று நான் சொல்ல என் பையன் நோட்டில் எழுதுவானே, அதே மாதிரி. மூன்று வரை பரவாயில்லையாம். எனக்குக் கீழ்வரிசையில் நாலு இடத்தில் ஆறு.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்த்து உடம்பு சண்டை போடுகிறது. சுகர் கூடியிருந்தால் சர்க்கரை புரதங்களில் ஒட்டி, அந்தச் சண்டையை ஓயவிடாமல் கிளறிக்கொண்டே இருக்கிறது. கிருமியைவிடச் சண்டைதான் ஈறையும் எலும்பையும் அதிகம் அரிக்கிறது. அது வாயோடும் நிற்பதில்லை. அந்தச் சண்டையில் உடம்பே சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. சுகர் ஏறுகிறது, ஈறு இன்னும் கெடுகிறது. இதற்குப் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. எனக்கோ ஒரு சூடும் தெரியவில்லை, அதுதான் வம்பு.

ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் 1993லேயே ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று எழுதிவிட்டார். கண், சிறுநீரகம், நரம்பு வரிசையில் ஈறும் சேர்ந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெரு வரை வரத்தான் நேரமாகியிருக்கிறது.

மாசியில் இரண்டு தடவையாக ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார்கள். “கிளீன் பண்ணினா பல் ஆடிடும்ணே” என்று பக்கத்துக் கடைத் தம்பி பயமுறுத்தினான். பல்லில் கல்லாக இறுகியிருந்த காறை போனதும் பல் கொஞ்சம் ஆடத்தான் செய்தது. இதுவரை காறைதான் முட்டுக் கொடுத்திருக்கிறது!

வைகாசியில் அதே மூணு மாச சராசரியைப் பார்த்தேன். 8.1. மாத்திரை மாற்றவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் கூட்டியிருந்தேன், அதனால் முழுப் புகழையும் ஈறுக்குக் கொடுக்க மாட்டேன். 2013இல் அமெரிக்காவில் சுகர்காரர்கள் 500 பேருக்கு மேல் வைத்து, ஈறைச் சுத்தம் செய்து பார்த்த ஆய்வில் சுகர் குறையவே இல்லை. 2022இல் 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கையோ, மூன்று நாலு மாதத்தில் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைவதாகச் சொல்கிறது. மாத்திரையை நிறுத்துகிற அளவு இல்லை. ஆனால் சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

ஈறில் ஆறு மில்லிமீட்டர் இருந்த இடம் இப்போது நாலு மில்லிமீட்டர். கத்தரிக்கோலை நூலில் கட்டி மிஷினிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த அளவெடுப்பு ஆவணியில்.